காசிமேட்டுக் கல்லில் படியும் பச்சை: கடல் பசும்பாசிகளை அறிய ஒரு தொடக்கம்

மெரினாவின் மணலில் எவ்வளவு தூரம் நடந்தாலும் கடற்பாசி காலில் தட்டுப்படுவது அரிது. வடக்கே சில கிலோமீட்டர் சென்று காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்களைப் பார்த்தால், அலை மோதும் மட்டத்தில் பட்டை தீட்டியதுபோல் பச்சை படிந்திருக்கும். கடலும் வெயிலும் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான், வேறுபடுவது பிடிமானம். கடற்பாசிக்கு நிலத் தாவரத்துக்கு உள்ளது போன்ற வேர் கிடையாது. உணவையும் நீரையும் அது உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கிறது. அடியில் இருக்கும் பற்றுறுப்பின் வேலை, அலை இழுத்துச் செல்லாதபடி எதையேனும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது மட்டுமே. ஒவ்வோர் அலையிலும் புரண்டுகொண்டிருக்கும் மணலை எப்படிப் பிடித்துக்கொள்வது?

சென்னையின் கரையில் இயற்கைப் பாறை குறைவு. அதைப் பார்க்கத் தெற்கே கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போக வேண்டும். நகரின் வடபகுதியில் இன்று பாசி வளரும் கற்கள் பெரும்பாலும் மனிதர் கொண்டுவந்து கொட்டியவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது, கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைபட்டது. தெற்கில் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. மணல் வரத்து நின்றுபோன ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கங்களைக் கடல் அரித்தது. அந்த அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். மெரினாவின் அகலமும் வடசென்னைக் கற்களின் பச்சையும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தப் பச்சை என்ன இனம், அது அங்கே எப்படிப் பிழைக்கிறது, அதன்மேல் யார் குடியிருக்கிறார்கள் என்பவை பாடநூல்களில் வகைப்பாடு, தகவமைப்பு, தொற்றுயிர்கள் என்று மூன்று தனி அத்தியாயங்களாக வரும். தொடக்கநிலையில் படிப்பவருக்கு அந்தப் பிரிவினை வசதியாகத் தோன்றினாலும், பசும்பாசிகளைப் பொறுத்தவரை அது ஏமாற்றக்கூடியது என்பது என் கருத்து. ஒரு பாசியின் வடிவத்தைப் பார்த்து அதற்குப் பெயரிடுகிறோம். அந்த வடிவத்தையோ அது வாழும் நீரும், அதன்மேல் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து செதுக்குகின்றன. ஆகவே மூன்றையும் ஒன்றாகவே பார்ப்போம்.

எதைப் பசும்பாசி என்கிறோம்?

தமிழில் 'பாசி' என்ற சொல் தாராளமானது. கோயில் குளத்துப் படியில் வழுக்குவதும் பாசி, மழைக்காலத்து மதில்மேல் மெத்தையாகப் படர்வதும் பாசி, கழுத்தில் அணியும் மணியும் பாசி. சென்னை மளிகைக் கடையில் கடற்பாசி என்று கேட்டால் சைனா கிராஸ் எனப்படும் வெள்ளை இழைகளை எடுத்துத் தருவார்கள். நோன்புக் காலத்தில் பல வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைப்பது அதைத்தான். அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படுவது. இராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் சிவப்பு இனங்களே. கட்டக்கோரை பழுப்பு இனம். சந்தையில் விலைபோகும் இந்தப் பாசிகளுக்கு நடுவே பசும்பாசிகள் அதிகம் பேசப்படாதவை.

நிறத்தை மட்டும் நம்பிப் பசும்பாசி என்று முடிவு செய்துவிட முடியாது. கடும் வெயிலில் காய்ந்த சிவப்புப் பாசி வெளிறிப் பச்சையாகவோ மஞ்சளாகவோ தோன்றும். உறுதியான அடையாளங்கள் செல்லுக்குள் இருக்கின்றன. பசும்பாசியின் பசுங்கணிகத்தில், நெல்லிலும் வேம்பிலும் இருப்பதைப் போலவே, பச்சையம் ஏ, பச்சையம் பி என்னும் இரண்டும் உள்ளன. பழுப்புப் பாசியிலும் சிவப்புப் பாசியிலும் பச்சையம் பி கிடையாது. தயாரித்த உணவைப் பசும்பாசி மாவுப்பொருளாகப் பசுங்கணிகத்துக்குள்ளேயே சேமிக்கிறது; சிவப்புப் பாசி தன் மாவுப்பொருளைப் பசுங்கணிகத்துக்கு வெளியே வைக்கிறது; பழுப்புப் பாசியோ மாவுப்பொருள் செய்வதே இல்லை. பள்ளி ஆய்வகத்தில் உருளைக்கிழங்கின்மேல் சொட்டும் அதே அயோடின் கரைசலைப் பசும்பாசித் துணுக்கின்மேல் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பசுங்கணிகத்துக்குள் கருநீலப் புள்ளிகள் தெரியும்.

இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல. பச்சைத் தாவரங்களின் வம்சம் மிகப் பழங்காலத்திலேயே இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையிலிருந்து சில நன்னீர்ப் பாசிகளும், பிற்பாடு நிலத்தின் எல்லாத் தாவரங்களும் வந்தன. மற்றொரு கிளையாகிய குளோரோஃபைட்டாவில் கடலின் பசும்பாசிகளில் மிகப் பெரும்பாலானவை அடங்குகின்றன. உறவுமுறையில் சொன்னால், காசிமேட்டுக் கல்லில் இருக்கும் பாசி நம் வீட்டு முருங்கை மரத்துக்குப் பாட்டி முறை ஆகாது. தூரத்துப் பங்காளி முறைதான் ஆகும்.

பெயர் வைப்பதில் உள்ள சிக்கல்

கண்ணுக்குத் தெரியும் அளவில் கடலில் வளரும் பசும்பாசிகள் பெரும்பாலும் அல்வோஃபைசி என்ற ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. அந்த வகுப்புக்குப் பெயர் தந்த பேரினம் அல்வா. தமிழ்ப் பாடநூலில் முதன்முறை இதைப் படிக்கும் மாணவர் யாரும் திருநெல்வேலியை நினைக்காமல் இருந்திருக்க மாட்டார்கள், இரண்டுக்கும் தொடர்பில்லை. அல்வா லாக்டுகா என்ற இனப்பெயரில் லாக்டுகா என்பது லத்தீனில் லெட்டூஸ் கீரையைக் குறிக்கும். கைக்குட்டை போல மடிந்து விரியும் அதன் மெல்லிய தகட்டைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டே இரண்டு செல் அடுக்குகள் இருக்கும். இதே போன்ற தோற்றமுள்ள மோனோஸ்ட்ரோமாவில் ஓர் அடுக்குதான். வேறு இனங்களில் உடலம் தகடாக இல்லாமல், ஒரே செல் அடுக்கால் ஆன உள்ளீடற்ற குழாயாக இருக்கும்; அதனால் அவற்றில் ஒன்றுக்கு இன்டெஸ்டினாலிஸ், அதாவது குடலைப் போன்றது என்று பெயர்.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் தகட்டையும் குழாயையும் அல்வா என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். 1820இல் குழாய் வடிவங்களைப் பிரித்து என்டெரோமார்ஃபா என்ற தனிப் பேரினம் உருவாக்கப்பட்டது. தகடும் குழாயும் பார்வைக்கே இவ்வளவு வேறுபடும்போது இரண்டையும் பிரித்தது நியாயமாகவே பட்டது; ஏறக்குறைய 180 ஆண்டுகள் அந்தப் பிரிவினை நிலைத்தது. 2003இல் டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டபோது, சில குழாய்கள் மற்றக் குழாய்களைவிடச் சில தகடுகளுக்கே நெருங்கிய உறவினர் என்று தெரியவந்தது. குழாயும் தகடும் ஒரே குடும்பத்தில் மாறி மாறித் தோன்றும் வடிவங்களே என்றாகிவிட, என்டெரோமார்ஃபா கலைக்கப்பட்டு எல்லாம் மீண்டும் அல்வா ஆயின. பழைய நூல்களிலும் கல்லூரி ஆய்வகக் குறிப்பேடுகளிலும் என்டெரோமார்ஃபா என்று பார்த்தால் இன்றைய அல்வா என்றே படித்துக்கொள்ள வேண்டும்.

கதை அங்கே முடியவில்லை. இந்தியக் கரைகளில் நீண்ட நாடாக்களாகக் கிழிந்து தொங்கும் ஓர் அல்வாவை நம் ஆய்வாளர்கள் அல்வா ஃபேசியேட்டா என்று குறித்துவந்தார்கள். அல்வா லாக்டுகா என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த கடலுக்குரிய இனம் என்று கருதப்பட்டது. லின்னேயஸ் பெயரிடப் பயன்படுத்திய உலர்ந்த மாதிரி இன்றும் இருக்கிறது. அதிலிருந்து டிஎன்ஏவை எடுத்துப் படித்த ஆய்வு 2019இல் வெளிவந்தபோது நிலைமை தலைகீழானது. அந்த மூலமாதிரி குளிர்கடல் இனத்தோடு பொருந்தவில்லை. வெப்பக் கடல்களில் வளரும் அல்வா ஃபேசியேட்டாவோடு பொருந்தியது. விதிப்படி, பெயர் மூலமாதிரிக்கே உரியது. ஆகவே நாம் ஃபேசியேட்டா என்று அழைத்ததே உண்மையான லாக்டுகா. ஐரோப்பியர் தலைமுறை தலைமுறையாக லாக்டுகா என்று அழைத்த குளிர்கடல் பாசிக்கு அல்வா ஃபெனஸ்ட்ரேட்டா என்ற பெயர் போய்ச் சேர்ந்தது. 266 ஆண்டுகள் ஒரு பெயர் தவறான கதவில் தொங்கிக்கொண்டிருக்கக் காரணம், வடிவத்தை மட்டும் வைத்து அல்வாக்களைப் பிரித்தறிவது அவ்வளவு கடினம் என்பதே.

அல்வாவுக்கு அப்பால், இதே வகுப்பின் மற்றத் துறைகளையும் (வகுப்புக்குள் வரும் அடுத்த பிரிவுகளைத் துறைகள் என்பார்கள்) சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிளாடோஃபோரேல்ஸ் துறையில் இழைப் பாசிகள் அடங்கும். கிளைவிட்ட இழை கிளாடோஃபோரா, கிளைவிடாத இழை கீட்டோமார்ஃபா. கீட்டோமார்ஃபா ஆன்டெனினா என்ற இனம் தமிழ்நாட்டில் அலை நேராக அறையும் பாறைகளில் விறைத்த தூரிகைக் கொத்துகளாக நிற்கும். அதன் செல்கள் பெரியவை என்பதால் சாதாரணக் கைலென்சில் பார்த்தாலே மணி கோத்த சரம் போலத் தெரியும். ஒவ்வொரு செல்லிலும் பல உட்கருக்கள் உண்டு.

பிரையாப்சிடேல்ஸ் துறையோ செல் என்பதைப் பற்றி நாம் படித்ததையே சந்தேகிக்க வைக்கும். மன்னார் வளைகுடாவில் மணல்மேல் தண்டோட்டி படர்ந்து, இலை போன்றும் திராட்சைக் கொத்து போன்றும் கிளைகளை எழுப்பும் காலெர்ப்பா, எவ்வளவு நீளம் வளர்ந்தாலும் குறுக்குச் சுவர் இல்லாத ஒரே செல். உள்ளே ஆயிரக்கணக்கான உட்கருக்கள் ஒரே குழம்பில் மிதக்கின்றன. வெட்டுப்பட்டால் உள்ளிருப்பது முழுவதும் வெளியே கொட்டிவிட வேண்டும்; ஆனால் சிறிது நேரத்திலேயே காயத்தில் அடைப்பு உறைந்துவிடும், அறுந்த துண்டும் தனிப் பாசியாக வளரும். தட்டையான காசுகளைக் கோத்ததுபோல் இருக்கும் ஹாலிமீடாவும், கடற்பஞ்சு போன்ற கோடியமும் இதே துறையைச் சேர்ந்தவை. ஹாலிமீடா தன் உடலில் சுண்ணாம்பைப் படியவைக்கிறது. அது இறந்த பின் உதிரும் துணுக்குகள் பவளத்தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பங்கு வகிக்கின்றன.

இந்த வளங்களைப் பதிவு செய்ததில் சென்னைக்குத் தனிப் பங்குண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம். ஓ. பி. ஐயங்கார் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். பாம்பன் அருகிலுள்ள குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி அவர் 1927இலேயே எழுதினார். அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி அந்த மரபைத் தொடர்ந்தார்.

கல்லின்மேல் ஒரு நாள்

சென்னையில் ஓதமும் வற்றமும் சேர்ந்து கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்துக் கரையோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் அந்த ஒரு மீட்டர் பட்டையில் வாழ்வது எளிதல்ல. காலையில் நீரில் மூழ்கியிருந்த பாசி, வற்றத்தின்போது சித்திரை வெயிலில் சூடேறிய கருங்கல்மேல் கிடக்கும். நிலத் தாவரத்தின் இலைமேல் இருப்பது போன்ற மெழுகுப் பூச்சு அதற்கு இல்லாததால், உடலிலிருந்து நீர் வேகமாக வெளியேறும். அல்வா இதைத் தடுக்க முயல்வதில்லை, தாங்கிக்கொள்கிறது. மேலே கிடக்கும் தகடுகள் அப்பளம் போலக் காய்ந்து, அடியில் உள்ளவற்றுக்குக் கூரையாகின்றன. ஓதம் திரும்பியதும் நீரை உறிஞ்சி, ஒளிச்சேர்க்கையை மீண்டும் தொடங்குகின்றன. கீட்டோமார்ஃபாவும் கிளாடோஃபோராவும் வேறு வழியைக் கையாள்கின்றன. நெருக்கமான இழைகளுக்கு இடையே நீர், நனைந்த தலைமுடியில் நிற்பதுபோல் தங்கி நிற்கும்.

வெயிலைவிடக் கடுமையான சோதனை மழை என்று நினைக்கிறேன். உலகக் கடல்நீரில் கிலோவுக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, வற்றத்தில் வெளியே கிடக்கும் பாசியின்மேல் உப்பே இல்லாத நீர் நேராக விழுகிறது. அடையாறும் கூவமும் கொசஸ்தலையும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கரையோரக் கடலையும் நீர்க்கச் செய்கின்றன. செல்லுக்குள் உப்பு மிகுதி, வெளியே குறைவு. எனவே நீர் உள்ளே பாய்ந்து செல் வெடித்துவிடக் கூடாது. அல்வாவின் செல்சுவர் நன்றாக நெகிழ்ந்து கொடுக்கும். அதோடு செல் தன் உள்ளேயிருக்கும் பொட்டாசியம், குளோரைடு அயனிகளை விரைவாகக் குறைத்தோ கூட்டியோ அழுத்தத்தைச் சமன் செய்கிறது. நீண்டகாலச் சரிக்கட்டலுக்கு டைமெத்தில்சல்ஃபோனியோபுரோப்பியோனேட் போன்ற கரிமப் பொருள்களும் உதவுகின்றன. வாயில் நுழையாத அந்தப் பொருள் சிதையும்போது வெளிப்படும் டைமெத்தில் சல்ஃபைடு வாயுவே, கடற்கரைக்குப் போனதும் நாம் உணரும் 'கடல் வாசனை'யின் ஒரு கூறு.

உப்பின் ஏற்ற இறக்கம் உயிரை மட்டுமல்ல, உருவத்தையும் தொடுகிறது. குழாய் வடிவ அல்வாக்களில் சில இனங்கள் முழு உவர்நீரில் கிளையின்றி வளரும்; உப்பு குறைந்த முகத்துவார நீரிலோ அதே இனங்கள் பக்கவாட்டில் கிளைகளை விடும். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் எடுத்த கிளைவிட்ட குழாயையும் கோவளம் பாறையில் எடுத்த கிளையில்லாக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், இரண்டும் வெவ்வேறு இனம் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அவை உண்மையிலேயே வேறாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். கிளைகளை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

ஆழத்தில் சிக்கல் வேறு. சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியைக் கடல்நீர் முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடுகிறது. ஆழத்தை எட்டுவது நீலமும் பச்சையும். பச்சை ஒளியைப் பச்சையம் சரிவரப் பயன்படுத்தாது என்பதால், பசும்பாசிகள் ஆழமில்லாத நீருக்கு மட்டும் உரியவை என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். ஆனால் காலெர்ப்பா, கோடியம், ஹாலிமீடா ஆகியவற்றில் சைஃபோனாசாந்தின் என்ற நிறமி, பச்சை ஒளியைப் பிடித்து ஒளிச்சேர்க்கைக்குக் கொடுக்கிறது. 100 மீட்டருக்கும் கீழே ஹாலிமீடா வளர்வது கண்டறியப்பட்டிருக்கிறது.

உணவு மிகும்போது நடப்பதைச் சென்னைவாசிகளுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கழிவுநீரில் கலந்துவரும் நைட்ரஜன், இரண்டு செல் தடிமனே உள்ள அல்வாவுக்கு நேரடித் தீனி. உடலில் ஏறத்தாழ எல்லாச் செல்லும் வெளிநீரைத் தொடுவதால் அது மற்றப் பாசிகளை முந்திக்கொண்டு உறிஞ்சி வளர்கிறது. 2008இல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகள் நடக்கவிருந்த சீனாவின் சிங்தாவ் கடலை அல்வா புரோலிஃபெரா பச்சைப் போர்வையாக மூடி, படகுகளே நகர முடியாதபடி செய்தது. அதன் மூலத்தைத் தேடியவர்கள் தெற்கே, உணவுக்காகச் சிவப்புப் பாசி வளர்க்கும் மிதவைப் பண்ணைகளின் கயிறுகளில் ஒட்டியிருந்த அல்வாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். இதிலிருந்து, அல்வா இருக்கும் இடமெல்லாம் சாக்கடை என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அது அவசர முடிவு. தூய நீரிலும் அல்வா வளரும். அளவுமீறிய பெருக்கமும், பிற இனங்கள் மறைவதும் சேர்ந்து தெரிந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

பாசியின்மேல் குடியிருப்போர்

மாமரக் கிளையில் இரண்டு விதமான விருந்தாளிகளைப் பார்க்கலாம். புல்லுருவி, மரத்துக்குள் உறுப்பை நுழைத்து நீரையும் உப்புகளையும் உறிஞ்சுகிறது, அது ஒட்டுண்ணி. வாண்டா ஆர்க்கிட் கிளையை உட்காரும் இடமாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கிறது. அது தொற்றுத் தாவரம். கடலில் இந்த இரண்டாம் வகையினர் ஏராளம். ஒட்டிக்கொள்ளக் கெட்டியான பரப்பு கிடைப்பது அரிது என்ற, நாம் தொடக்கத்தில் பார்த்த அதே பற்றாக்குறைதான் காரணம். கல்லைப் பாசி பிடித்துக்கொள்கிறது. கல்லில் இடம் கிடைக்காதது பாசியைப் பிடித்துக்கொள்கிறது.

குடியேற்றம் ஓர் ஒழுங்கில் நடக்கிறது. புதிதாக வளர்ந்த பாசிப் பரப்பில் முதலில் கரிமப் பொருள்களின் மெல்லிய படலமும், சில மணி நேரத்தில் பாக்டீரியாக்களும் சேரும். அடுத்து டயாட்டம்கள் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்வது போலச் சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் இந்த ஒரு செல் உயிர்கள், ஒட்டிக்கொள்ளும் முறையில் பலதிறப்பட்டவை. காக்கோனிஸ் தபால்தலை போலத் தட்டையாகப் படுத்து ஒட்டிக்கொள்ளும். அலை அதைப் பெயர்ப்பது கடினம். லிக்மோஃபோரா பசைத்தண்டு ஒன்றின் நுனியில் விசிறியாக விரிந்து நிற்கும்; ஒளி அதிகம் கிடைக்கும், ஆனால் அலையில் பறிபோகும் வாய்ப்பும் அதிகம். பிறகு இழைவடிவ நீலப்பசும்பாசிகளும், எரித்ரோட்ரிக்கியா, அக்ரோகீட்டியம் போன்ற நுண்ணிய சிவப்புப் பாசிகளும், பாசிப்பூச்சிகள் எனப்படும் பிரையோசோவா போன்ற விலங்குக் கூட்டங்களும் வரலாம். பசும்பாசியின்மேல் இன்னொரு பசும்பாசியே தொற்றுவதும் உண்டு. அல்வெல்லா என்ற பேரினத்தின் சில இனங்கள் சிறு பச்சை வட்டுகளாக மற்றப் பாசிகளின்மேல் படரும், வேறு சில செல்சுவருக்குள்ளேயே நுழைந்து வாழும்.

எல்லாப் பசும்பாசிகளிலும் குடியிருப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. விரைந்து வளர்ந்து விரைந்து அழியும் அல்வாவின் இளம் தகடு பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும். கிளாடோஃபோரா, கீட்டோமார்ஃபா ஆகியவற்றின் கரடான, நீடித்த இழைகளிலோ, முதிர்ந்த பகுதியில் பழுப்பு நிற டயாட்டம் பூச்சு ஏறி, பச்சையே மங்கிப்போவதைக் காணலாம்.

உணவைத் திருடாவிட்டாலும் குடியிருப்போரால் பாசிக்கு இழப்பு உண்டு. ஒளியை மறைப்பார்கள், நீரில் உள்ள ஊட்டங்களுக்குப் போட்டியிடுவார்கள், உடலின் பருமனைக் கூட்டுவதால் அலையின் இழுவை அதிகமாகிப் பற்றுறுப்பு பிய்ந்துபோகலாம். வற்றத்தின்போது ஈரத்தைத் தேக்கிவைக்கும் போர்வையாக அவர்களே உதவுவதும் உண்டு என்பதால், கணக்கு ஒருபக்கமாக மட்டும் இல்லை. டயாட்டம்களை மேய வரும் நத்தைகளும் சிறு ஓட்டுடலிகளும் பாசியைச் சுத்தம் செய்துவிட்டுப் போவதும் வழக்கம்.

பாசிகளும் சும்மா இருப்பதில்லை. குழாய் அல்வா தன் செல்சுவரின் வெளிப்படலத்தை உரித்துப் போட, ஒட்டியவையும் அதோடு போகும். அல்வா தகட்டில் வாழும் சூடோஆல்ட்டெரோமோனாஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் பொருள்கள், பிற உயிர்கள் வந்து அமர்வதைத் தடுக்கின்றன. வீட்டில் ஒருவரை வாடகைக்கு வைத்துக்கொண்டு மற்றவர்கள் நுழையாமல் பார்த்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. மிகத் துணிச்சலான உத்தி, வெப்பக் கடல்களின் அவ்ரைன்வில்லியா என்ற ஒரு செல் பாசியினுடையது. தொற்றுயிர்கள் மிகுந்த பழைய தகட்டிலிருந்து உயிர்ப்பொருளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தத் தகட்டைக் குடியிருப்போரோடு சேர்த்துக் கைவிட்டுவிட்டு, புதுத் தகட்டை எழுப்புகிறது. குறுக்குச் சுவர் இல்லாத உடலால் மட்டுமே இப்படிச் செய்ய முடியும்.

மறுபக்கம், அல்வாவே தேர்ந்த குடியேறி. இனப்பெருக்கக் காலத்தில் தகட்டின் ஓரச் செல்கள் அனைத்தும் இயங்குவித்துகளாக மாறி வெளியேற, ஓரம் வெளிறிப்போகும். நான்கு கசையிழைகளால் நீந்தும் இந்த வித்து, மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்கு அளவே இருக்கும்; ஒளியை விட்டு விலகிக் கீழ்நோக்கி நீந்தி, பரப்புகளைத் தொட்டுத் தொட்டுச் சோதித்து, பிடித்த இடத்தில் ஒரு பசையைச் சுரந்து நிலைத்துவிடும். ஃபைபர் படகின் அடிப்பக்கத்தில் வழுக்கும் பச்சை பெரும்பாலும் இப்படி வந்ததே. எந்தப் பரப்பு பிடித்த பரப்பு என்பதை முடிவு செய்வதில் பாக்டீரியாக்களுக்குப் பங்குண்டு. பாக்டீரியாக்கள் தங்கள் கூட்டத்தின் அடர்த்தியை உணர வெளிவிடும் வேதிச் சைகைகளை அல்வாவின் வித்துகளும் உணர்ந்து அங்கே அமர்கின்றன என்று 2002இல் காட்டப்பட்டது. தனக்காக அல்லாத பேச்சை ஒட்டுக்கேட்டு வீடு தேர்ந்தெடுப்பது போன்றது இது.

பாக்டீரியாவின் பங்கு அதோடும் நிற்பதில்லை. எல்லா நுண்ணுயிர்களையும் அகற்றிவிட்டு ஆய்வகத்தில் அல்வாவை வளர்த்தால், உப்பும் ஒளியும் சரியாக இருந்தாலும் அது தகடாக வளராது. ஒழுங்கற்ற செல் திரளாகவே நின்றுவிடும். உரிய பாக்டீரியாக்களைத் திரும்பச் சேர்த்தால் வடிவம் திரும்புகிறது. மோனோஸ்ட்ரோமாவில் இதைச் செய்யும் தாலூசின் என்ற பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு கடல் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்து 2005இல் அறிவித்தார்கள். பாசியின்மேல் ஒட்டியிருப்பது என்று நாம் ஒதுக்கும் உயிர், பாசிக்குப் பாசியின் உருவத்தைத் தருகிறது. தகடா குழாயா என்று பார்த்துப் பேரினம் பிரித்தவர்கள் ஏன் இடறினார்கள் என்பது இப்போது இன்னும் தெளிவாகும். அல்வா மியூட்டாபிலிஸ் என்று ஆய்வகங்கள் பல்லாண்டுகள் தனி இனமாக வளர்த்துவந்த பாசி, பின்னாளில் அல்வா கம்ப்ரெஸ்ஸாவாகவே தேறியது. 'மாறும் இயல்புடையது' என்ற பொருள் கொண்ட அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தியிருந்தது.

நேரில் பார்க்க விரும்புவோருக்கு

அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய நாளில், வற்ற நேரத்தைத் தெரிந்துகொண்டு கோவளத்துப் பாறைகளுக்குச் செல்வது நல்ல தொடக்கம். அப்போதுதான் நீர் மிக அதிகமாக இறங்கும். பாசி படிந்த கல் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும் என்பதால் தனியே போக வேண்டாம். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கவும் வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது.

எடுக்கும் பாசியைப் பற்றுறுப்போடு எடுக்க வேண்டும். விரலகலத் துணுக்கே போதும். கல்லின் எந்த உயரத்தில் இருந்தது, அலை நேராக அடிக்கும் பக்கமா மறைவான பக்கமா, அண்மையில் மழை பெய்ததா, ஆற்று முகத்துவாரம் எவ்வளவு தூரம் என்பவற்றை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டில் வெள்ளைத் தட்டில் கடல்நீரை ஊற்றி அதில் மிதக்கவிட்டால் கிளைகள் தாமாக விரியும்.

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, கீரையை அலசுவதுபோல் பாசியைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவிவிடுவது. நன்னீர் பட்டதும் மெல்லிய தொற்றுயிர்கள் பலவும் சிதைந்துபோகும். மிஞ்சியவை சாக்கடையோடு போகும். அதற்குப் பதிலாக, முதிர்ந்த கீட்டோமார்ஃபா இழை ஒன்றைக் கழுவாமல் கண்ணாடி வில்லையில் வைத்து, ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டு, கல்லூரி நுண்ணோக்கியின் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் இழையின் விளிம்பை மெல்ல நகர்த்திப் பார்க்கலாம். பீப்பாய் போன்ற பச்சைச் செல்லின் ஓரத்தில், பொன்பழுப்பு நிறத்தில் நீள்வட்டமாகப் படுத்திருப்பது காக்கோனிஸ். தண்டின்மேல் விசிறியாக ஆடிக்கொண்டிருப்பது லிக்மோஃபோரா.